மலை தெரியாத பக்கம்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் அந்தப் பதினோரு மாடிக் கட்டடம் எழும்பத் தொடங்கிய நாளிலிருந்தே ஜெயமதி அதைக் கவனித்து வந்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில், மனு கொண்டுவருகிறவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்தே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அதிர்ந்து பேசமாட்டாள். கணவர் வீரேந்திரன் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளை யாரும் அசைக்க முடியாது. ஜைன வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை படக்கூடாது என்று ஒன்பது வயதில் விரதம் எடுத்தவள். ஐந்து மணிக்குக் கடையை விட்டால், காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். டவுனில் இருந்த வாடகை வீட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போவதற்குள் வாரத்தில் நாலு நாள் நேரம் கடந்துவிடும். அப்புறம் மறுநாள் காலைவரை பட்டினிதான். புதுக் கட்டடமோ கடையிலிருந்து பத்து நிமிஷ நடை. அங்கே ஒரு வீடு அமைந்தால் தினமும் சாயங்காலம் சோறு உண்டு.

வீரேந்திரனுக்கு ஒன்பதாவது மாடியில் மலை பார்த்த வீட்டின்மேல் ஆசை. மார்கழியில் ஒருநாள், கடை விட்டதும் அவளை அழைத்துப் போனார்.

"பால்கனியில உக்காந்தே கிரிவலம் வந்துடலாம் சார்," என்றாள் வீடு விற்கும் கம்பெனியின் பெண் கவியா. "ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா இந்தப் பக்கத்துக்குத்தான் அடிதடியே."

"நாங்க ஜைனருங்கம்மா, கிரிவலம்லாம் போறதில்ல. பாக்க நல்லா இருக்குதேன்னுதான்," என்றார் அவர்.

ஜெயமதி பால்கனி ஓரமாக உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சைச் சோறு. இரண்டு வாய்தான் போயிருக்கும். எதிரே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி மறைந்தது. மூன்றாவது கவளத்தை அப்படியே டப்பாவில் வைத்துவிட்டாள்.

"இன்னா மேடம், உப்பு கம்மியா?"

"பொழுது சாஞ்சிடுச்சும்மா."

வீரேந்திரன் போனைப் பார்த்தார். "மணி அஞ்சு இருவத்தஞ்சுதான். அஸ்தமனம் அஞ்சு அம்பத்திமூணுன்னு போட்டிருக்குது. மலை மறைச்சதெல்லாம் அஸ்தமனமா? சாப்பிடு."

"கண்ணால பாத்துட்டேனே."

இங்கே குடிவந்தால் மழைக்காலம் தொடங்கி மாசிவரை இதே கதைதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கடையிலிருந்து வந்து உலை வைப்பதற்குள் சூரியன் போயிருக்கும். எழுந்து நின்று, கவியாவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"மலை தெரியாத பக்கம் வீடு இருக்குதா?"

கவியா இதுவரை கேட்டிராத கேள்வி. "இருக்குது மேடம். யாரும் எடுக்கல. ரேட்டும் கம்மி."

"திருவண்ணாமலையில வீட்ட வாங்கிட்டு மலை தெரியாதுன்னா ஊரே சிரிக்கும் ஜெயா," என்றார் வீரேந்திரன். "அந்தப் பக்கம் போயிட்டா மட்டும் சூரியன் மறையாதா?"

"மறையும். என் கண்ணுக்குத் தெரியாது. காலண்டர் சொல்றப்ப நிறுத்திக்கிறேன்."

"ஊரையே ஏமாத்தலாம், சூரியனையுமா?"

"நான் யாரையும் ஏமாத்தலங்க. இந்த மலை பக்கம்னா நான் பட்டினி கிடக்கணும். அவ்ளோதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. வீரேந்திரன் மலையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு கவியாவிடம், "அந்தப் பக்கத்தயும் காட்டும்மா," என்றார்.

அடுத்த ஐப்பசியில் குடிவந்தார்கள். ஜன்னலில் ஏரிக்கரையும் பஸ் போகிற ரோடும் தெரிகின்றன. ஜெயமதி ஐந்தேகாலுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள், காலண்டர் நேரத்துக்குள் நிதானமாகச் சாப்பிடுகிறாள். வீரேந்திரன் லீவு நாளில் மட்டும் சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு வருவார். திரும்பி வரும்போது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மேலே என்ன பார்த்தார் என்று வாயே திறக்கமாட்டார். குழம்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைப்பார்.