விரல் தூக்கிய ஜாடி

ஏதென்ஸில் எங்கள் குயவர் தெருவிலே, ஜாடிமேல் குத்துச்சண்டை வரைவதற்கு தெலேசியாஸை விட்டால் ஆள் கிடையாது. அவன் வரைந்த குத்து பட்டு, பக்கத்துக் கிண்ணத்தில் விரிசல் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் அவன் மனைவி லிசில்லாவைக் கேட்கலாம். அவள் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். ஆனால் ரத்தத்தைக் கண்டால் தெலேசியாஸுக்குத் தலை சுற்றும். பந்தய மைதானத்துப் பக்கமே போனதில்லை. நசுங்கிய மூக்கையெல்லாம் ஊர்ப்பேச்சில் கேட்டுத்தான் வரைவான்.

ஒரு திருவிழாவில் ஸ்ட்ராட்டோன் என்ற இளைஞன் குத்துச்சண்டையில் ஜெயித்துவிட்டு, வெற்றி விருந்துக்கு ஒயின் ஜாடி கேட்டான். தெலேசியாஸ் இருவரை வரைந்தான்: ஒருவன் கையை ஓங்குகிறான், மற்றவன் விரலைத் தூக்கித் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். தலைக்கு மேல் அவரவர் பெயர். சூளை பிரித்து, ஜாடியைத் துடைத்த லிசில்லா நின்றுவிட்டாள்.

“ஏங்க, விரலத் தூக்குறவன் தலைக்கு மேல யாரு பேரு?”

“தோத்தவன் பேருதான்.”

“நல்லாப் பாருங்க. ஸ்ட்ராட்டோன்னு இருக்கு.”

சுட்ட பெயரை அழிக்க வழியில்லை. அதற்குள் வாசலில் ஸ்ட்ராட்டோனின் குரல். தெலேசியாஸ் சூடு அடங்காத சூளைக்குள் புகுந்துகொண்டான்.

ஸ்ட்ராட்டோன் ஜாடியைத் திருப்பிப் பார்த்தான். காளை மாதிரி ஆள்; முகம் வெளுத்துப் போயிற்று.

“அக்கா, அண்ணன் எங்க?”

“உள்ள வெந்துட்டிருக்காரு.”

அவன் சூளை வாயில் குனிந்து கிசுகிசுத்தான். “அண்ணே, நீங்க பாத்துட்டீங்களா?”

“எ... எதப்பா?”

“நான் விரலத் தூக்குனத. சத்தியமா முடியலண்ணே. தூக்குன அதே நேரம் எதிர்ல நின்னவன் மயங்கி விழுந்துட்டான். நடுவர் திரும்பிப் பாக்கறப்போ நான்தான் நின்னுட்டிருந்தேன். யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

சூளைக்குள்ளிருந்து ஒரு கனைப்பு.

“சேச்சே! நான் எதுக்குடா தம்பி சொல்லப்போறேன்?”

ஸ்ட்ராட்டோன் விட்ட பெருமூச்சில் சூளைச் சாம்பல் முழுவதும் தெலேசியாஸின் தாடியில் போய் ஒட்டியது. பிறகு ஸ்ட்ராட்டோனே ஜாடியை ஒரே குத்தில் நொறுக்கினான்.

“சூளையில வெடிச்சிருச்சுன்னு சொல்லிடுங்கண்ணே. அடுத்ததுல குதிரை வரைங்க. அதுக்கு விரல் கிடையாது.”

லிசில்லா ஊற்றிய பருப்புக் கஞ்சியை இரண்டு ஆண்களும் போட்டி போட்டுக்கொண்டு குடித்தார்கள். அதன்பின் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஸ்ட்ராட்டோன் வீட்டிலிருந்து ஒரு கூடை அத்திப்பழம் வரும். எதற்கென்று லிசில்லா கேட்டதில்லை. நல்லதாகப் பொறுக்கி முதலில் தின்பாள்.