யாங்கோன் தாள்

எங்கள் கட்டடம் யாங்கோனில், பசுந்தாங் பேட்டையில், ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் நான்காம் மாடியில் குடியிருப்பவர் விஜயகுமாரி. வயது நாற்பத்தேழு, தனி ஆள். அவருடைய அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். நாங்கள் அவரை விஜயா அக்கா என்போம். மாணவர்கள் சயாமா என்பார்கள், டீச்சரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. ஆனால் அவர் டீச்சர் இல்லை. பெல்ஜியத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இந்தப் பக்கத்து நாடுகளிலிருந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது அவருடைய வேலையாக இருந்தது. நான் மூன்றாம் மாடி. அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் ஓர் ஏஜென்ட் அலுவலகத்தில்தான் இருந்தார். மியன்மார் வெளியுலகத்துக்குக் கொஞ்சம் திறந்துவிட்டிருந்த வருஷங்கள் அவை. ஓட்டல் ஹால்களில் வெளிநாட்டுப் படிப்புக் கண்காட்சி நடக்கும், பிள்ளைகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அந்த அலுவலகத்தில் மார்க் ஷீட்டுகளைத் திருத்தி அனுப்புகிறார்கள் என்பது அவருக்குத் தெரிய ஆறு மாதம் ஆயிற்று. பக்கத்து ஊரான கியாக்தானிலிருந்து போன ஒரு பையனை ஐரோப்பிய விமான நிலையத்திலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவன் அம்மா அலுவலகத்துக்கு வந்து, யாரையும் ஒன்றும் கேட்காமல், சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். அந்த வாரமே அக்கா வேலையை விட்டார். பிறகுதான் பெல்ஜியக்காரர்கள் அவரை நேரடியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஏஜென்டுகளின் புளுகை ஒழிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும் ஒரே ஒரு தாள். கொடுத்த சான்றிதழ்களில் எத்தனை நிஜம், எத்தனை பேருக்கு விசா கிடைத்தது, போனவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருஷமும் படிக்கிறார்கள், முக்கியமாக இந்த மூன்று கேள்விகள். பல்கலைக்கழகம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, மாணவர் சேர்க்கும் பதினோரு நாடுகளுக்கும் வைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘யாங்கோன் தாள்’. 2019இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஒரு மாநாட்டுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஐரோப்பா முழுவதிலும் பல்கலைக்கழகங்களின் திட்டங்களை வகுப்பவர்கள் உட்கார்ந்திருந்த மண்டபத்தில், பட்டுச்சேலையில் நின்று இருபது நிமிஷம் பேசினார். திரும்பி வந்து எங்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தார். அத்தனை சந்தோஷமாக அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதை எதிர்த்துக் காலேஜ் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிப்பை விட்டு வெளியே வந்தார்கள். அப்படி வந்தவர்களில் பலருக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. கேட்டு வாங்கப் போகவே பயந்தார்கள். சான்றிதழ் இல்லாமல் எந்த நாட்டிலும் சேர முடியாது. அக்கா மூன்று மாதம் உட்கார்ந்து புதுத் திட்டம் ஒன்று எழுதினார். சான்றிதழே கேட்க வேண்டாம், இரண்டு பரீட்சை வைப்போம், ஒரு நீண்ட நேர்காணல் வைப்போம், தேறியவர்களைச் சேர்ப்போம் என்பதுதான் அது. அங்கே ஒரு வருஷம் யோசித்து, சோதனையாகச் செய்து பார்க்கச் சம்மதித்தார்கள். முதல் வருஷம் ஆறு பேர் போனார்கள், அடுத்த வருஷம் ஐந்து பேர்.

மூன்றாவது குழுவில் இருந்தவள்தான் உம்மு சல்மா. அவளுடைய வாப்பா காஜா மைதீன் ஓடைக்கரையில் படகுக்கான கயிறும் பெயின்ட்டும் விற்கிறவர். சல்மா மருத்துவப் படிப்பில் மூன்றாம் வருஷத்தில் வெளியே வந்தவள். பிறகு மூன்று வருஷம் கடையில் கயிறு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குக் கரண்ட் இல்லாத நாட்களில் கடை வாசல் வெளிச்சத்தில் படித்தாள். இரண்டாம் பரீட்சையில் எண்பத்து நான்கு. அந்தக் குழுவில் அதுதான் அதிகம். பொது சுகாதாரப் படிப்பில் இடம் உண்டு, கடைசி ஒப்புதல் மட்டும் பாக்கி என்று கடிதம் வந்தது. காஜா மைதீன் பழைய துணிக் குவியலில் தேடி ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வைத்தார். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்திருந்த நேரம். பெண்களையும் ஒருநாள் கூப்பிடுவார்கள் என்று எல்லா வீட்டிலும் பயம்.

2025 ஜனவரியில் பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு வந்தது. செலவைக் குறைக்கிறார்கள், எல்லா நாட்டுக்கும் யாங்கோன் தாளை நிரப்ப வேண்டும், ஐம்பதுக்குக் கீழே இருக்கும் நாடுகளில் சேர்க்கை நிறுத்தப்படும்.

மியன்மாருக்கான தாளை அக்காவே நிரப்பவேண்டியிருந்தது. சான்றிதழ் கேட்காமல் சேர்த்ததால் முதல் கேள்விக்குப் பூஜ்யம். போன பதினொரு பேரில் நான்கு பேர் படிப்பை விட்டிருந்தார்கள். இரண்டு பேருடைய ஊர் சண்டையில் எரிந்துபோனது, வீட்டுக்காரர்களுக்குப் பணம் அனுப்ப அவர்கள் பெல்ஜியத்திலேயே ஒரு கிடங்கில் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான். இன்னொருத்தி அம்மாவைப் பார்க்க வந்தவள், திரும்பிப் போக முடியவில்லை. இந்த நான்கு பேரையும் ‘விடுப்பில்’ என்று எழுதினால் ஐம்பத்திரண்டு வரும். ‘விட்டுவிட்டார்கள்’ என்று எழுதினால் நாற்பத்தொன்று. இரண்டு நாள் அவர் வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் நாற்பத்தொன்று என்றே அனுப்பினார். காரணங்களை விளக்கி நான்கு பக்கம் எழுதிச் சேர்த்தார். படித்தால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பியதாக என்னிடம் சொன்னார்.

யாரும் படிக்கவில்லை. முடிவெடுக்கும் குழுவின் மேஜைக்கு எண்கள் மட்டும்தான் போயின. பிப்ரவரியில் அங்கிருந்து இயக்குநர் அம்மா போனில் கூப்பிட்டு, மியன்மாரில் சேர்க்கையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். நல்ல மனுஷி, அவருக்கும் வருத்தம்தான். அக்கா அரைமணி நேரம் வாதாடினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இந்தத் தாளை நீங்கள்தானே உருவாக்கினீர்கள், விஜயா? அதை நாங்கள் மதிக்கிறோம்” என்றார்.

மறுநாள் காலையில் அக்கா கயிற்றுக்கடைக்குப் போனார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் கூப்பிட்டார். காஜா மைதீன் லபெயே வரவழைத்தார். அந்தப் பால் டீயை யாரும் தொடுவதற்கு முன்பே, சல்மாவுக்கு இடம் இல்லை என்று அக்கா சொல்லிவிட்டார்.

சல்மா கொஞ்ச நேரம் கையிலிருந்த கயிற்றுமுனையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “எனக்கு எத்தனை மார்க் கம்மி, சயாமா?” என்று கேட்டாள்.

“உனக்கு ஒண்ணும் கம்மி இல்லம்மா. ஊருக்குத்தான் கம்மி.”

“ஊருக்கு மார்க் யார் போட்டது?”

“நான்தான்.”

எதையும் மறைக்காமல் அக்கா எல்லாவற்றையும் சொன்னார், அந்த நான்கு பேரையும், ஐம்பத்திரண்டையும் சேர்த்து. வேறு மாதிரி எழுதியிருக்க முடியுமா என்று சல்மா கேட்டாள். முடியும் என்றார். வெளியே படகில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

காஜா மைதீன்தான் கடைசியில் பேசினார். “நீங்க பொய் எழுதியிருந்தா எம்பொண்ணு அங்க போயிருப்பா. அதுக்காக உங்களைத் திட்ட எனக்கு வாய் வரல, விஜயாம்மா. ஆனா இனிமே இந்தக் கடைக்கு வராதீங்க.”

அக்கா எழுந்து தலைகுனிந்து கும்பிட்டுவிட்டு வந்தார். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு ஐந்து மாதம் அவர் தெரிந்த பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சல்மாவுக்காக எழுதினார். பிரஸ்ஸல்ஸ் மண்டபத்தில் கைகுலுக்கியவர்கள், விசிட்டிங் கார்டு கொடுத்தவர்கள், ஒருவர் விடாமல் எல்லோருக்கும். பதில் போட்டவர்கள் எல்லாரும் சான்றிதழ் கேட்டார்கள். ஜூலையில் சல்மா தன் மாமி லத்தீபாவோடு எல்லையைத் தாண்டித் தாய்லாந்துப் பக்கம் மே ஸோட்டுக்குப் போய், தையல் ஆலையில் சேர்ந்துவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்கு அது என் மூலமாகத்தான் தெரிந்தது.

செப்டம்பரில் சல்மாவிடமிருந்து செய்தி வந்தது. பர்மியத்தில் எழுதியிருந்தாள். அக்கா எனக்குப் படித்துக் காட்டினார். “சயாமா, என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என் இரண்டாம் பரீட்சைத் தாள் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். நான் படித்தவள் என்று காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை.”

பரீட்சைத் தாள்கள் பல்கலைக்கழகத்தின் சொத்து, வெளியே தரக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதிய குழுவிலும் அக்கா இருந்தார். அன்று மத்தியானமே சல்மாவின் பரீட்சைத் தாளை அச்செடுத்து, பல்கலைக்கழகத் தலைப்புள்ள காகிதத்தில், இந்தப் பெண்ணை நானே சோதித்தேன், இவள் தகுதியானவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மே ஸோட் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பிறகு பெல்ஜியத்துக்கு எழுதி, செய்ததைச் சொல்லி, ராஜினாமாவையும் சேர்த்து அனுப்பினார். பாங்காக்கில் உட்கார்ந்து எல்லா நாட்டுக்கும் யாங்கோன் தாள் நிரப்புகிற பெரிய பதவியை அவருக்குத் தருவதாக அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அவர் ஆற்றுக்கு அக்கரையில், தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுக்கிறார். காலை ஆறரைக்கு பஸ். சேர வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் படிப்பை விட்டவர்கள் என்று சொன்னார். என்ன படித்தாய் என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை, தானும் கேட்பதில்லை என்றார்.

போன மாதம் காய்கறிப் பையோடு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவரை நான் நிறுத்தினேன். சல்மாவின் மாமி லத்தீபா எனக்கு அனுப்பிய செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. பரீட்சைத் தாள் போய்ச் சேர்ந்துவிட்டது. சல்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வேலை கேட்டு ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினாளாம். எண்பத்து நான்கைப் பார்த்துவிட்டு அவர்கள் ரொம்பப் புகழ்ந்தார்களாம். தாய்லாந்து அடையாள அட்டை உண்டா என்று கேட்டார்களாம். இல்லை என்றதும் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை அவள் பழையபடி தையல் ஆலைக்குப் போய்விட்டாள்.

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். “புகழ்ந்தாங்களா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மேலே போகிறவர்கள் வழி கேட்டபோது நாங்கள் இரண்டு பேரும் சுவர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டோம்.