மாமாவின் கிளட்ச்சும் அம்மாவின் பிஸ்மில்லாவும்

எங்கள் வீட்டில் எந்த வண்டியும் பிஸ்மில்லா சொல்லாமல் நகராது. இன்றும் என் மகன் காலேஜுக்கு ஸ்கூட்டரை எடுக்கும்போது நான் கேட் அருகில் நின்று அவன் உதட்டைப் பார்ப்பேன். "சொல்லிட்டேம்மா" என்பான். சொல்லியிருப்பான்தான். ஆனாலும் பார்ப்பேன். இந்தப் பழக்கம் என் அம்மாவிடமிருந்து வந்தது.

அம்மாவின் அத்தா, அதாவது என் தாத்தா, லாரி ஓட்டியவர். ஒருநாள் லோடுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பிப் போனவர், விபத்தில் சிக்கி உயிரோடு திரும்பி வரவில்லை. அன்றைக்கு அவர் பிஸ்மில்லா சொல்ல மறந்திருப்பார் என்பது அம்மாவின் முடிவு. "மவுத்து அல்லா எழுதுன நேரத்துல வர்றது, அதுக்கு இது காரணமில்ல" என்று என் அத்தா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டுவார், மனதை மாற்றிக்கொள்ள மாட்டார். தாயும் சீக்கிரமே போய்விட, கல்யாணமாகி நாமக்கல்லுக்கு வந்தபோது அம்மா தன் சின்னஞ்சிறு தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தம்பிதான் என் மாமா.

மாமா வளர்ந்து பைக் மெக்கானிக் ஆனார். காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு பழைய பைக்கை வாங்கி, பிரித்து, மாட்டி, அதை உறும வைத்தார். சாவி கைக்கு வந்த அன்றே அம்மா வாக்கு வாங்கிக்கொண்டார். வண்டி நகரும் அந்த நொடியில் பிஸ்மில்லாவை முழுசாக ஓத வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஓதிவிட்டு வருவது, டீக்கடையில் நிறுத்தி எடுக்கும்போது விட்டுவிடுவது, இதெல்லாம் கூடாது. மாமா சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். பரமத்தி வேலூர் பக்கம் புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத ஒரு சாலையில் பைக் டிராக் ரேஸ் நடக்கப் போகிறது என்று மாமா வந்து சொன்னார். போலீஸ் அனுமதி, ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டாம். வளைவு நெளிவு கிடையாது. இரண்டு வண்டிகள் கோட்டில் நிற்கும், நேராக ஓடும், முதலில் போவது ஜெயிக்கும். கோயமுத்தூரில் ரேஸ் வண்டி வைத்திருக்கும் ஒரு முதலாளி, தன் வண்டிகளுக்கு ஓட்ட ஆள் பார்க்க வருகிறார் என்பதுதான் மாமாவுக்கு முக்கியம்.

அம்மா ஒரே பேச்சில் முடித்தார். "இந்த ஒருக்காதான். அவர் உன்னையக் கூப்படலீன்னா வண்டிய வித்துப்போட்டு மச்சான்கூடப் பட்டறைக்குப் போயிரோணும்."

அத்தாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வயரிங் வேலை. மாமாவுக்காக ஒரு பலகையில் லாரி இண்டிகேட்டர் விளக்குகள் மூன்றையும், கீழே ஒரு பச்சை விளக்கையும் மாட்டி, பழைய பேட்டரியில் இணைத்துக் கொடுத்தார். ரேஸில் இப்படித்தான் இருக்குமாம். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை. பச்சைக்கு முன்னால் கோட்டைத் தாண்டினால் சிவப்பு எரிந்து ஆட்டம் முடிந்துவிடும். பச்சையைப் பார்த்த பிறகு கையை எடுத்தாலோ, பக்கத்து வண்டி போயே போய்விடும்.

"கடைசி மஞ்சளப் பாத்ததுமே கிளட்ச்ச உட்டரோணும் கண்ணு. வண்டி நவுந்து கோட்டத் தாண்டறதுக்குள்ள பச்சை வந்துரும்" என்றார் மாமா.

சுவிட்ச் தட்டும் வேலை எனக்கு. பட்டறைக்கு லீவான நாட்களில் பின்னாலிருந்த காலி இடத்தில் பயிற்சி நடக்கும். நான் வரிசையாகத் தட்டுவேன். மாமா எப்போது பார்த்தாலும் ஒரு மூச்சு தாமதமாகத்தான் கிளம்புவார்.

"மாப்ளே, அஸ்திவாரம் போட்டுட்டா உக்காந்திருக்கற? பாடி கட்டாத லாரிகூட உனக்கு முன்னால போயிரும்" என்பார் அத்தா.

மாமா என்னென்னவோ செய்து பார்த்தார். கிளட்ச் கேபிளை மாற்றினார். டீயைக் குறைத்தார். யாரோ சொன்னார்கள் என்று காலையில் எழுந்ததும் பச்சைத் தண்ணீரில் முகத்தை முக்கிக் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். கை வேகம் வர வேண்டும் என்று என் மர ஸ்கேலை நான் மேலிருந்து விட, அவர் கீழே பிடிக்கும் ஆட்டமும் உண்டு. அதில்தான் அதிசயம். நான் எப்படி ஏமாற்றி விட்டாலும் விட்ட இடத்திலேயே கப்பென்று பிடித்துவிடுவார். கையில் குறையில்லை, கண்ணில் குறையில்லை. பைக்கில் ஏறினால் மட்டும் தாமதம்.

ஒருநாள் அம்மா, நாற்றம் தாங்கவில்லை என்று ஹெல்மெட்டின் உள் பஞ்சைப் பிடுங்கித் துவைத்துக் காயப் போட்டுவிட்டார். அன்று மாமா வெறும் தலையோடு வண்டியில் உட்கார்ந்தார். நான் சுவிட்சைத் தட்டினேன். கடைசி மஞ்சள் எரிந்தது. அப்போதுதான் பார்த்தேன். மாமாவின் உதடுகள் அசைந்தன. பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். முழுசாக, நிதானமாக. அதன் பிறகுதான் கை கிளட்ச்சை விட்டது.

கண்டுபிடித்த பெருமையில் நான் குதித்தேன். மாமா குதிக்கவில்லை.

"அது எனக்கும் தெரியுங் கண்ணு."

"அப்ப முன்னாடியே ஓதீட்டு நில்லுங்க மாமா."

"நகர்ற நேரத்துலதான்னு உங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அதத் தள்ளிப் போட்டு நா எங்க போய்ச் சேரப் போறேன்?"

கிளட்ச்சை இன்னும் வேகமாக விடப் பழகினால் சரியாகிவிடும் என்று அவர் நம்பியிருந்தார் போல.

நான் நேராக வீட்டு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தார். மாமா எதனால் தோற்கப் போகிறார் என்பதை மூச்சு விடாமல் சொன்னேன். பாதி உரித்த முட்டை அம்மாவின் கையிலேயே நின்றது. அப்புறம் அதையும் உரித்து, மற்றதையும் உரித்து, எல்லோருக்கும் சோறு போட்டார்.

மறுநாள் விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு, முக்காடோடு பட்டறைக்குப் பின்னால் வந்து நின்றார். அதற்கு முன் ஒருநாளும் அவர் அங்கே வந்ததில்லை.

"டேய், கோட்டுக்கு வண்டியத் தள்ளீட்டுப் போறப்பவே நீ ஓதிரு. வெளக்கு எரிஞ்சதுக்கப்புறம் உனக்குஞ் சேத்து நா ஓதிக்கறேன். நீ வெளக்க மட்டும் பாரு."

"அக்கா, வாக்குக் குடுத்தேனே."

"வாங்குனவ நாந்தானே. திருப்பிக் குடுத்துட்டேன். வண்டிய எடு."

நான் சுவிட்சைத் தட்டினேன். கடைசி மஞ்சள் எரிந்ததுதான் தெரியும். மாமா அந்த இடத்தில் இல்லை, புழுதிதான் இருந்தது. அத்தா சந்தோஷத்தில் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்ததால் அவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

ரேஸ் அன்று அம்மாவும் வந்தார். அடுக்கி வைத்த டயர்களுக்குப் பின்னால் கறுப்புப் பர்தாவோடு நின்று, மாமாவின் வண்டி கோட்டுக்கு வந்ததும் சத்தமாகவே ஓத ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற ஓர் ஆள், எதிர் வண்டிக்காரப் பையனின் உறவு போலிருக்கிறது, திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க பையன் தோக்கறதுக்கா ஓதறீங்க?"

"இல்லீங்க. ரெண்டு பேருக்குந்தான் ஓதறேன். உங்க புள்ளையும் பத்தரமா ஊடு வந்து சேரோணுமில்லீங்களா" என்றார் அம்மா. அந்த ஆள் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முதல் ஓட்டத்தில் மாமா ஜெயித்தார். அடுத்த ஓட்டத்திலும் பக்கத்து வண்டி அசைவதற்குள் பாய்ந்துவிட்டார். ஆனால் அது பெரிய இன்ஜின். பாதி தூரத்தில் எட்டிப் பிடித்து, கடைசியில் தாண்டிப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. பைக் போச்சு, மாமா இனி பட்டறைக்குத்தான் என்று நினைத்தேன்.

அப்போது கோயமுத்தூர் முதலாளி எங்களைத் தேடி வந்தார். "வண்டிய வேற பண்ணிக்கலாமுங்க. இந்தக் கை அமையறதுதாங்க கஷ்டம். பையன எங்கூட அனுப்புவீங்களா?" என்று அத்தாவிடம் கேட்டார். அத்தா அம்மாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

அம்மா பர்தாவைச் சரிசெய்துகொண்டு முதலாளியிடம் கேட்டார். "நோம்புக்கு ஊட்டுக்கு அனுப்பிப் போடுவீங்களா?"

"கண்டிப்பா அனுப்பறேனுங்க."

ஒரு வாரத்தில் மாமா கிளம்பிவிட்டார். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னிடம் ஸ்கேல் பிடிப்பதுபோல் கையைக் காட்டிச் சிரித்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் அசைந்ததும் அம்மாவின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. நானும் மனதுக்குள் கூடவே ஓதினேன். பஸ் ஸ்டாண்டு வாசலைத் தாண்டும் முன்பே நான் ஓதி முடித்துவிட்டேன். பிஸ்மில்லாவுக்கு எவ்வளவு நேரமாகும் என்பது எனக்குத்தானே நன்றாகத் தெரியும்.

அம்மா முடிக்கவில்லை. பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும், நாங்கள் நடந்து கடைவீதியைக் கடந்த பிறகும், வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதும் அந்த உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அம்மாவும் மாமாவைப் போல இதில் ரொம்பத் தாமதம்தான், விளக்குப் பலகையை எடுத்து வைத்துக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.