அவள் போட்ட பொத்தான்

என் மகள் திவ்யாவுக்கு மெஷின் மாட்டாவிட்டால் காது கேட்காது. விரல் வேலையும் அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், பழக்கினால் வந்துவிடும் என்று மாத்தளை கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதனால் வீட்டில் பட்டாணி உரிப்பதும் கொடியில் துணிக்குக் கிளிப் போடுவதும் அவள் வேலை. மெஷினுக்குப் பேட்டரி மாற்றுவது மட்டும் நான்தான்.

பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டில் சேர்க்கப் போனபோது அதிபர் கேட்டார். “பேட்டரி எறங்கிட்டா யாரும்மா மாத்துறது? நீங்க தெனமும் வாசல்ல ஒக்காந்திருந்தா சேத்துக்கலாம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அவளே மாத்துவா மேடம்” என்று சொல்லிவிட்டேன். அதற்குமுன் அவள் ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

“அப்ப இப்பவே மாத்தட்டும்.”

புதுப் பேட்டரியை மேசைமேல் வைத்து, மாற்றும்படி சைகை காட்டினேன். மெஷினைக் கழற்றி, பழையதைத் தட்டி வெளியே எடுத்தாள். புதியதன் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். தலைகீழாகப் போட்டதால் மூடி மூடவில்லை. உதவப் போன என் கையைத் தட்டிவிட்டு, தானே திருப்பிப் போட்டு மூடினாள். மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு அதிபரை முறைத்தாள்.

“நான் வாசல்ல ஒக்கார மாட்டேன் மேடம்” என்றேன்.

பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று, அலுவிகாரையில் நாங்கள் ஏறிய பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா திவ்யாவின் சட்டையைப் பார்த்தார். பொத்தான்கள் ஒரு துளை தள்ளிக் கோணலாக இருந்தன.

“பாவம், நான் சரியா போட்டு விடுறேன்” என்று கை நீட்டினார்.

“விடுங்கம்மா. அது அவ போட்டது.”