விக்டரின் நீலச் சட்டை

விக்டர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பாப்பாரப்பட்டி பேருந்து நிறுத்தத்தில் நின்றால் தக்காளி விலை படுத்துவிட்டது என்று பொருள். சந்தைக்குப் போய் விசாரிக்க வேண்டியதில்லை. சட்டையோடு தொப்பியும் இருந்தால் பறிகூலிக்கே தேறவில்லை, தோட்டத்தில் மாடு மேய்கிறது.

அது காவலாளிச் சட்டை. தோளில் பட்டை, பையில் கயிறு கட்டிய விசில். முன்பொருமுறை ஓசூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வேலைக்கு நின்றார். ஊரில் மழை பெய்கிறது என்று யாரோ போனில் சொன்ன அன்றே திரும்பிவிட்டார். சட்டையைக் கழற்றிக் கொடுக்கும் பொறுமைகூட இருக்கவில்லை.

அவருடைய விரக்திக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மாயவன் டீக்கடையில் அறிவிப்பு.

"இனி அந்த மண்ணுல கால வெச்சன்னா நான் விக்டரு இல்லீங்க."

மாயவன் டீயை ஆற்றியபடியே, "கால வெக்க மாட்டாரு. நாத்துதான் வெப்பாரு" என்பார்.

விக்டர் சிரிக்க மாட்டார். உலகத்தை வெறுத்தவர் சிரிக்கக்கூடாது. அடுத்து வானிலைச் செய்தி, வேளாண் அதிகாரி, ஆந்திரத் தக்காளி, புனித அந்தோணியார் எல்லோரையும் பாரபட்சமில்லாமல் திட்டுவார். பிறகு தருமபுரி பேருந்து. அங்கே இறங்கி ஓசூருக்கு மாற வேண்டும்.

தருமபுரி வரைக்கும் அவர் போவதில்லை. இண்டூருக்கு முன்னால் சாலையோரம் ஒரு நாற்றுப் பண்ணை இருக்கிறது. சும்மா பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் போய்க்கொள்வதாகச் சொல்லி இறங்குவார். மாலையில் அதே சட்டையில், மடியில் நாற்றுத் தட்டோடு திரும்புவார். தட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் கால்சட்டையை நனைத்திருக்கும்.

"என்னங்ண்ணா, ஓசூரு அவ்வளவு கிட்ட வந்துருச்சா?" என்பார் நடத்துநர் குரு.

நிலம் மனைவி ஜெயராணியின் பெயரில் இருக்கிறது. சென்ற பங்குனியில் கொட்டிய தக்காளியை ஆடுகள்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்தன. அதைப் பார்த்தபின் ஜெயராணி பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஓசூரில் இருக்கும் மகள் சில்வியாவைக் கொண்டு நிஜமான வேலை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்.

"இந்தத் தடவயும் திரும்பி வந்தீங்கன்னா காட்ட செங்கச் சூளைக்காரனுக்கு உட்டுருவேன். அப்புறம் நாத்த வூட்டுக்குள்ளதான் நடோணும்."

வெறும் மிரட்டல் இல்லை. சூளைக்காரர் வந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

நம்பிக்கை இல்லாமல் பேருந்தில் தானும் ஏறினார் ஜெயராணி. விக்டரைச் சன்னலோரம் தள்ளி, வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைதி போகிற மாதிரி போனார் விக்டர்.

மிச்சத்தைக் குரு டீக்கடையில் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பண்ணை நெருங்கியதும் விக்டர் சிலுவை போட்டுவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டாராம். மனிதர் முதல்முறையாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போகிறார் என்று குருவே நம்பிவிட்டார். அப்போது ஜெயராணி எழுந்தார்.

"நிறுத்துங்க தம்பி. இந்நேரம் எல்லாரும் தக்காளிய உட்டுட்டு ஓடியிருப்பாங்க. ஆடிக்கு மேல வெல ஏறுமில்ல?"

விக்டர் கண்ணைத் திறந்தார். "நான் ஒண்ணும் சொல்லலீங்க" என்று குருவைச் சாட்சி வைத்துவிட்டு, மனைவிக்கு முன்னால் இறங்கினார். எல்லாரும் ஓடியிருப்பார்கள் என்று அதேபோல் கணக்குப் போட்டிருந்த இன்னும் சிலரும் அவர்கள் பின்னால் இறங்கினார்கள்.

இப்போது செடி பூவெடுத்திருக்கிறது. விலை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. சூளைக்காரர் மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்குகிறார். தோட்டத்து நடுவே குச்சியில் நீலச் சட்டை நிற்கிறது. தலைக்குப் பானை, பானைமேல் தொப்பி. கிறிஸ்தவன் திருஷ்டி பொம்மை வைக்கலாமா என்று பங்குச் சாமியார் கேட்டிருக்கிறார்.

"பொம்மை இல்லீங்க சாமி. செக்யூரிட்டி."

நேற்றுப் பிற்பகல் வத்தல்மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் காத்திருந்த மழை. முதல் தூறலுக்கே விக்டர் வரப்பில் ஓடினார். பொம்மையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை உதறி, பழைய மடிப்பிலேயே மடித்து, நனையாமல் தன் பனியனுக்குள் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் வானத்தை நிமிர்ந்து பார்த்தார்.