சுவருக்கு அப்புறத்து ஜெபம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் எழுந்து போகிறவள் நான்தான். இப்போது என் வாயாலேயே இதைச் சொல்லவேண்டி வந்திருக்கிறது, நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பாறசாலைப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய செங்கல் என்கிற ஊர். வீட்டில் கூப்பிடுவது சுஜா, ஆதாரிலும் வேலையிடத்திலும் வேறு பெயர். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் நான் திரும்பி வந்தபோது அப்பா இருந்தார். அவர் போனதும் அண்ணன் எட்வினுக்கு நான் பாரமாகிவிட்டேன், திரும்பி வந்ததற்குக் கோபம் வேறு. எங்கள் வீடுகளில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு, பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, கடைசியில் ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லி ஜெபிப்பார்கள். ஒரு நாள் அண்ணன் தன் பெண்டாட்டி, அதாவது என் மைனி பேர், பிள்ளைகள் பேர், துபாயில் இருக்கும் மைனியின் தம்பி பேர் வரைக்கும் சொன்னான், பாயில் பக்கத்திலேயே இருந்த என் பேரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டானோ என்று நினைத்தேன். மறுநாளும் சொல்லவில்லை. வீட்டை விட்டு இறங்கு என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது.

திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்கு வேலை. அதே ஊரில் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், கடைக்கோடியில் இருந்த ஒற்றை அறை ஃபிளாட்டை எடுத்தேன். எல்லா கேட்டும் பூட்டியே கிடக்கும் தெரு, செத்தால்கூட அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கமாட்டார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளிலேயே, சாயங்காலம் கட்டிலை ஒட்டிய சுவருக்கு அப்புறம் பாட்டு கேட்டது. மலையாளம் இல்லை, தமிழ், எங்கள் சபையில் பாடுகிற அதே ராகம். யாரோ நம் ஊர்க்காரர்கள் என்று சந்தோஷப்பட்டு, ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு அவர்கள் கதவைத் தேடினால், அந்தப் பக்கம் கதவே இல்லை. கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா சிரித்தார்.

"அப்புறத்து ஆருமில்லல்லோ மோளே. அது வெளிச்சுவரல்லே?"

ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். மொட்டைச் சுவர், அதற்குக் கீழே ஒரு மாமரம், அவ்வளவுதான்.

மறுநாள் சுவரில் காதை வைத்தேன். நம்பினால் நம்புங்கள், யாரென்றே தெரியாத ஒரு வயசாளியின் குரல் ஜெபம் பண்ணுகிறது, எட்வின் பேர் வருகிறது, மைனி பேர் வருகிறது, பிள்ளைகள், துபாய்த் தம்பி, எல்லாம் எங்கள் வீட்டு வரிசையிலேயே. அப்புறம் ஆமென்.

பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நானும் இஞ்ச உண்டு" என்று கத்திச் சுவரில் அடித்தேன். மறுநாள் திரும்பவும் அதே பேர்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் பேர் வருமா என்று தினமும் காத்திருந்தேன். ஒரு நாள் தாங்காமல் மைனியைப் போனில் கூப்பிட்டேன்.

"மைனி, ஜெபத்துல எனக்க பேரு சொல்லுவியளா?"

"அண்ணனுக்க கோவம் இன்னும் ஆறல்ல மக்கா. நான் மனசுக்குள்ள சொல்லுவேனாக்கும்."

மனசுக்குள் சொல்லும் பேர் எனக்கு எதற்கு? அந்த மாதமே காலி செய்து லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

எனக்குப் பிறகு அந்த அறைக்கு ஒரு கோட்டயத்து நர்ஸ் வந்தாள். கேஸ் சிலிண்டர் புக்கிங் ஓடிபி இன்னும் என் நம்பருக்குத்தான் வரும், அதைக் கேட்கக் கூப்பிட்டவள் சும்மா போல ஒன்று கேட்டாள்.

"சேச்சீ, ஈ சுஜா ஆரா? சந்தியைக்கு சுவரின்றெ அப்புறத்து தமிழ்ல ஒரு பிரார்த்தன. ஆ பேரு பறயும்போ எல்லாரும் கரயும். ஆ குட்டி மரிச்சு போயதாணோ?"

சுஜா என்ற பேர் அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஜெபத்தில் அந்தப் பேர் வந்ததும் எல்லாரும் அழுகிறார்களாம், அவள் செத்துப்போனாளா என்று என்னிடமே கேட்கிறாள். தெரியாது என்று சொல்லிவிட்டு ஓடிபியைப் படித்தேன், இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் பேர் சொல்லிவிட்டார்களே என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகவும் இருந்தது, அந்தச் சந்தோஷத்துக்குத்தான் நான் இன்றைக்கும் பயப்படுகிறேன்.