கீபோர்டு மேல் கைபேசி வைக்கக் கூடாது

மகள் பிறந்த பிறகு மறுபடி கல்யாண வீடுகளுக்கு வாசிக்கப் போனபோது, முதலில் நான் விட்டுக்கொடுத்தது என் பெரிய கீபோர்டை. கட்டைகள் கனமாக, உண்மையான பியானோ போலவே விரலுக்குப் பதில் சொல்லும். ஆனால் ஆட்டோவில் ஏற்றினால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிரசவ ஆபரேசனுக்குப் பிறகு அதைத் தூக்கவும் என்னால் முடியவில்லை. அதனால் இலேசான, சின்ன ஒன்றுக்கு மாறினேன். அதில் எப்படித் தொட்டாலும், மெதுவாக வாசிக்கத் தெரியாதவள் போல எல்லாம் ஒரே சத்தமாக வந்தது. ஆட்டோவுக்காக மாற்றினேனா, இடுப்புக்காக மாற்றினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு மற்றவற்றைச் சரிசெய்யத் தொடங்கினேன். தேயிலைத் தோட்டத்து மேடைகள் பெரும்பாலும் சரிவில்தான் இருக்கும். ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் மடித்த சாக்கு வைத்தேன். கால் பெடல் தார்ப்பாயில் வழுக்கி ஓடியது, அதை ஒரு பலகையில் ஆணியடித்து நிறுத்தினேன். மணப்பெண் வரும்போது வயலின், கேக் வெட்டும்போது பியானோ, ஆட்டப் பாட்டுக்கு ஆர்கன் என்று வரிசையாகப் பட்டன்களில் சேமித்துவைத்தேன். வீட்டில் மகளைத் தூங்கவைத்துவிட்டு, சத்தத்தை அணைத்து, வெறும் கட்டைகளைத் தட்டிப் பழகினேன். எதையோ மறந்துவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் போகவே இல்லை.

மறக்காதது கைபேசி. அதைக் கீபோர்டின் மேலேயே, கண்ணுக்கு நேராக வைத்துக்கொள்வேன். மகளுக்கு அடிக்கடி இழுப்பு வரும். கணவர்தான் வீட்டில் பார்த்துக்கொள்வார், நன்றாகவே பார்த்துக்கொள்வார். ஆனாலும் மூச்சு வாங்குகிறதா, மருந்துப் புகை பிடிக்கும் மெஷினைச் சரியாக வைத்தாரா என்று மனம் அங்கேயே சுற்றும்.

நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் மத்தியான விருந்து. காலையில் தொழிலாளர்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தகரம் போட்டு மேடை கட்டியிருந்தார்கள். அன்று காலையிலேயே மகளுக்குச் சளி. போவதா வேண்டாமா என்று செருப்பைப் போட்டேன், கழற்றினேன். "போயிட்டு வா, நான் இருக்கேன்ல," என்றார் கணவர். போனேன்.

மணப்பெண் உள்ளே நுழைகிறாள், நான் வயலினில் மெதுவாகத் தொடங்குகிறேன். திடீரென்று ஸ்பீக்கரில் "டிக் டிக் டிர்ர்ர்" என்று ஒரு இரைச்சல். பெண் நின்றுவிட்டாள். மைக் பிடித்திருந்த பெரியவர் விடவில்லை. "மாப்பிள வயித்துல வண்டு பறக்குது போல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறு நொடி என் கைபேசியில் கணவரின் பெயர் எரிந்தது. வாசித்துக்கொண்டே அதைப் பார்த்தேன். எடுக்க முடியவில்லை. வலது கை மட்டும் ஓடியது, இடது கை எங்கே போனதென்று தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் ஓடிப்போய் அழைத்தேன். "தூங்கிட்டா. நீ யோசிச்சிக்கிட்டு இருப்பேன்னு சொல்லத்தான் எடுத்தேன்," என்றார். நிம்மதியும் கோபமும் சேர்ந்து வந்தன.

குழுவை நடத்தும் அண்ணன், என்னை டீச்சர் என்றே கூப்பிடுபவர், கிட்டாரோடு வந்து நின்றார்.

"டீச்சர், இந்தப் பக்கம் சிக்னல் கம்மி. போன் அதுக்காக முக்கி முக்கி இழுக்கும். அந்த இழுவை அப்படியே ஒங்க வயர்ல ஏறும். கீபோர்டு மேல வைக்காதீங்க."

"தள்ளி வச்சா எனக்குத் தெரியாதுங்க அண்ணே. பிள்ளைக்கு ஒண்ணுன்னா?"

அவர் கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கினார். "கோவிச்சுக்காதீங்க. மஸ்கெலியாவுல ஒரு பையன் கீபோர்டு வாசிக்கிறான். பிள்ள கொஞ்சம் பெருசாகிற வரைக்கும் வேணும்னா..."

அவர் கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதனால்தான் அதிகம் பயந்தேன். அந்தப் பையன் ஒரு முறை வந்து உட்கார்ந்தால், பிறகு என்னை யார் கூப்பிடுவார்கள்?

தபேலாவும் தும்பா மேளமும் வாசிக்கும் தம்பி மேடையின் அடுத்த மூலையில் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் வயர் எதுவும் ஓடாது. "அக்கா, என்கிட்ட குடுங்க," என்று கைபேசியை வாங்கித் தன் பாய்க்குக் கீழே வைத்தான். "வீட்டுலருந்து அண்ணன் எடுத்தா நான் பேசுறேன். ஒண்ணுமில்லன்னா பேசாம இருப்பேன். நீங்க போகணும்னா இத ரெண்டு தட்டு தட்டுறேன்." பக்கத்தில் தொங்கிய சின்ன மணியைக் காட்டினான்.

கேக் வெட்டும் பாட்டில் இரைச்சல் இல்லை. அது இல்லாததே எனக்குப் பயமாக இருந்தது. முன்பு அழைப்பு வருவதற்குள்ளேயே ஸ்பீக்கர் எனக்குச் சொல்லிவிடும்; இப்போது எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் விரல்கள் மெல்ல இடம் பிடித்தன. ஆட்டப் பாட்டு வந்தது, களம் முழுக்கக் குதித்தது. நான் ஆர்கனில் நன்றாகவே போய்க்கொண்டிருந்தேன்.

டிங், டிங்.

கையை எடுத்துவிட்டேன். பாட்டு பாதியில் ஓட்டையானது. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து அவனைப் பார்த்தால், அவன் வாசிப்பதை நிறுத்தாமல், "இல்லக்கா, இல்லக்கா! பாட்டுக்குத் தட்டினேன்!" என்று கத்தினான். அந்தப் பாட்டுக்கு அந்த இடத்தில் எப்போதும் அவன் அந்த மணியைத் தட்டுவான். பேசி வைத்தபோது இரண்டு பேருக்கும் அது நினைவில் இல்லை. அண்ணன் கிட்டாரால் ஓட்டையை அடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். உட்கார்ந்தேன். சரணத்துக்குச் சரியாக நுழைந்தேன்.

திரும்பி வரும்போது வேனில் அண்ணன் மஸ்கெலியாப் பையனைப் பற்றிப் பேசவில்லை. "பூண்டுலோயாவுல அடுத்த கல்யாணம். வருவீங்கதானே டீச்சர்?" என்றார்.

"வருவேன்," என்றேன். பிறகு தம்பியைப் பார்த்தேன்.

"இனி பாட்டுல அந்த மணியத் தொட மாட்டேன்க்கா. சத்தியமா."

அவன் மணி இல்லாமல் அந்தப் பாட்டு கொஞ்சம் சப்பென்றிருக்கிறது. எனக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். இப்போது சாமான்களைக் கட்டும்போது ஸ்டாண்ட், பெடல் பலகை, சாக்கு, வயர் எல்லாம் பார்த்த பிறகு, அவன் மணியை எடுத்து வைத்தானா என்றும் பார்க்கிறேன். வாசிக்கும்போது ஒரு காது அந்த மூலையிலேயே இருக்கிறது.